எட்டு எழுத்து

நள்ளிரவு முதல் இரண்டரை வரை
எனக்குக் கொடுத்த நேரம்.
இரண்டரைக்கு முதல் லாரி வந்துவிடும்,
கடற்பாலம் தாண்டி, ஐஸ் சொட்டச் சொட்ட.

ஜூரோங்கில் மீன் கிடங்கின் மேல்மாடி.
சர்வர் அறைக்கு அட்டை, விரல் ரேகை,
அப்புறம் ஆறு இலக்கம்.
மீன் வாடை மட்டும்
எதையும் காட்டாமல் உள்ளே வந்து போகிறது.

பழைய சர்வர் செவ்வாய்க்கிழமை செத்தது.
புதியதை இறுக்கிக் கட்டித் தந்திருக்கிறார்கள்:
யுஎஸ்பி துளைகள் ஊமை,
இணையம் கிடையாது,
கையொப்பமில்லாத எதுவும் இயங்காது.
நிர்வாகி என்ற பெயரைக்கூட மாற்றி
எங்கோ ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

நான் ஏற்ற வேண்டியது ஓர் எடை மென்பொருள்.
எழுதிய கம்பெனி இன்று இல்லை.
சிடி உறையில் நீலப் பேனாவில் ஒரு தொலைபேசி எண்,
ஏழே இலக்கம்.
சிங்கப்பூரின் எண்கள் எட்டாகு முன்பே
பிறந்துவிட்டது அது.
அதை உள்ளே கொண்டுவரவே
ஒரு படிவம், இரண்டு கையெழுத்து.

புதிதாக வாங்கலாமே என்றதற்கு
முதலாளி குவெக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"ஐஸ் எடையை அதுதான் சரியாகக் கழிக்கும்.
வேறு எந்தக் கணக்கையும் நம்ப மாட்டார்கள்."

அழுத்தினேன்.
'உங்கள் நிர்வாகி இதைத் தடுத்துள்ளார்.'
நான்தானய்யா நிர்வாகி என்று சொல்ல
அங்கே பொத்தான் இல்லை.

அழைப்பில் நோராஷிக்கின், பாதுகாப்புப் பிரிவு.
பொத்தோங் பாசிரில் வீடு. குழந்தை தூங்குகிறது,
குரலைத் தணித்தே பேசுகிறாள்.
"அரை மணி நேரம் எல்லாவற்றையும் திறந்து விடேன்."
"முடியாது. யார் வர வேண்டும், சொல்லு.
அவனை மட்டும் விடுகிறேன்."

திரையிலிருந்து நகலெடுக்க வழியில்லை.
கோப்பின் ரேகையை வாய்விட்டுப் படித்தேன்,
அறுபத்து நான்கு எழுத்து,
நான்கு நான்காக, வாய்ப்பாடு ஒப்பிப்பது போல.
அவள் திருப்பிச் சொன்னாள்.
நாற்பதாவது எழுத்தில் குழந்தை அழுதது.
முதலிலிருந்து.

ஏறியது.
திறக்கவில்லை.
ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல்
திறக்கவில்லை.

லாகைப் பார்த்தால்
எங்கெங்கோ போய்த் தட்டியிருக்கிறது.
வின்டோஸ் ஃபோல்டரில் எழுதப் பார்த்து, மறுப்பு.
சி டிரைவின் வாசலிலேயே, மறுப்பு.
ஃபிளாப்பி இருக்கிறதா என்று
ஏ டிரைவைக்கூட எட்டிப் பார்த்திருக்கிறது, பாவம்.
அதே கதவை முந்நூற்றுப் பன்னிரண்டு முறை.
கெடுக்க வந்ததில்லை.
அது பிறந்தபோது வீடு முழுக்கத் திறந்து கிடந்தது.
செருப்போடு எங்கும் நடக்கலாம்.
அந்தப் பழக்கம்.

ஒரே ஒரு ஃபோல்டர் கொடுத்தேன்.
இங்கே எழுது, இங்கேயே அழி.
ஒரு பயனரையும் உண்டாக்கினேன்:
எடை போடலாம்,
வேறு வேலை பார்க்கக் கூடாது,
வேறு அறைக்குப் போகக் கூடாது.
என் வேலை அனுமதியிலும்
ஏறக்குறைய இதே வாசகம்தான்.
நோராஷிக்கினிடம் அதைச் சொல்லவில்லை.

இரண்டு பன்னிரண்டுக்கு
சாம்பல் நிறச் சதுரம் ஒன்று விரிந்து
பெயர் கேட்டது.
எட்டு எழுத்துதான் கொள்ளுமாம்.
அங்கயற்கண்ணி என்பதை ஆங்கிலத்தில் தட்டினேன்.
அங்கயர்க்,
அதோடு நின்றுவிட்டது.
கயல் உள்ளே. கண் வெளியே.
மீன் கிடங்குக்கு அது போதும்தான்.

கீழே லாரி பீப் பீப் என்று பின்வாங்கியது.
முதல் பெட்டி தட்டில் இறங்க
திரையில் எண் நடுங்கி, யோசித்து, நின்றது:
முப்பத்தொன்று புள்ளி நான்கு.
ஐஸ் கழித்து, இருபத்தாறு புள்ளி ஒன்பது.
சிசிடிவியில் குவெக்
அந்த எண்ணை நெடுநேரம் பார்த்தார்.
அடுத்த பெட்டிக்குக் கை காட்டினார்.

"விதிவிலக்கு எத்தனை நாளைக்கு?"
நோராஷிக்கின் கொட்டாவியோடு கேட்டாள்.
அந்தக் கட்டத்தைக் காலியாக விட
படிவம் விடாது.
தொண்ணூறு என்று எழுதினேன்.

என்னுடையதில்
இன்னும் நூற்றுப் பதினெட்டு இருக்கிறது.